பச்சைக் கல்லின் ஐந்து பெயர்ச்சீட்டுகள்

ஓய்வுபெறும் பத்திரங்களைக் கொடுக்கும் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "அப்பாட அலுவலா மகள்?" என்று கேட்டார்.

"இல்ல அங்கிள், என்ட அலுவல்தான்."

அவர் என் ஜீன்ஸையும் முதுகுப்பையையும் பார்த்தார். பிறகு தன் பத்திரங்களை எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். தவறான வரிசையில் நிற்கிறோமோ என்று பயந்திருப்பார்.

கொழும்பிலுள்ள ஓர் அரசாங்கக் கனிப்பொருட் காட்சியறையில் இருபது வயதில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். இருபது வருஷம் முடிந்ததும் விரும்பினால் விலகலாம் என்றார்கள். விலகிவிட்டேன். ஆகவே சட்டப்படி நான் ஓய்வுபெற்ற ஊழியர். மற்றபடி நீந்தப் பழகுகிறேன், ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன், காலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயிலோடு போட்டிக்கு ஓடித் தோற்கிறேன். ஓய்வுபெற்றவர்கள் அனுபவம் எழுதுவது வழக்கம்தான். ஆனால் முழங்கால் நோகத் தொடங்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

போன கிழமை தர்ஷிகா ஒரு படம் அனுப்பினாள். காட்சியறையில் இப்போது என் கதிரையில் உட்காருபவள் அவள். படத்தில் ஒரு தட்டு, தட்டில் ஒரு பச்சைக் கல், பக்கத்தில் சீட்டுக்கட்டை விரித்தது போல ஐந்து பெயர்ச்சீட்டுகள்.

"அக்கா, ஒரு கல்லுக்கு அஞ்சு லேபலா? இதில எது இதுட உண்மைப் பேர்? புது ஷோகேஸுக்கு ஸ்டிக்கர் அடிக்கணும், சொல்லுங்களேன்."

குரற்செய்தியில் பதில் சொல்லத் தொடங்கினேன். பதினோராவது நிமிடத்தில் என் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கல்லின் குடும்பப் பெயர் அப்பதைற்று. பொஸ்பேற்றுக் கனிப்பொருள். வயலுக்குப் போடும் உரம் இதிலிருந்து வருகிறது. நம் பல்லும் எலும்பும் ஏறத்தாழ இதே சரக்குத்தான். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு 'ஏமாற்றுவது' என்று பொருள். பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வோர் இரத்தினத்தின் வேஷத்தில் வந்து அந்தக் காலத்து நிபுணர்களை முட்டாளாக்கியதால் கோபத்தில் வைத்த பெயர். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

வெள்ளவத்தையில் அறை தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் வகைப்பாடு சட்டென்று விளங்கும். எல்லாம் ஒரே வரைபடத்தில் கட்டிய மாடி வீடுகள். சுவர்கள் கல்சியமும் பொஸ்பேற்றும். நடுவில் நீளமான ஒரு நடை. அந்த நடையில் பாய் விரிக்க மூன்று பேர் போட்டி: புளோரீன், குளோரீன், ஐதரொட்சில். யார் அதிக இடம் பிடிக்கிறாரோ வீட்டுக்கு அவர் பெயர். புளோரீன் கூடினால் புளோரப்பதைற்று, குளோரீன் கூடினால் குளோரப்பதைற்று. மற்றவர்களும் உள்ளே இருப்பார்கள், ஆனால் பெயர்ப்பலகையில் வரமாட்டார்கள். சுவரில் கல்சியத்துக்குப் பதில் ஈயம் வந்தால் வேறு பெயர். பொஸ்பேற்றுக்குப் பதில் ஆர்சனிக் வந்தால் இன்னொரு பெயர். எல்லோரையும் ஒன்றாக நிறுத்தினால் ஒரு பெருங்குழு. கல்யாண வீட்டுப் படத்தில் யார் பக்கத்து உறவு என்று ஒருவருக்கும் தெரியாத சிலர் நிற்பார்களே, அதுபோலப் பொஸ்பேற்றே இல்லாத சொந்தங்களும் அதில் உண்டு.

இவற்றில் சர்வசாதாரணமானது புளோரப்பதைற்று. குளோரப்பதைற்று அரிது. கதைக்கு இவ்வளவு போதும்.

என் பயிற்சிக்காலம் சுருக்கமானது. முதல் ஆறு மாதம் கல் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் கழுவிய கற்களை வேறு தட்டில் வைத்துவிட்டுத் தேடினேன். அதற்குப் பிறகு ஜுனைதீன் சேர் என்னைச் சோதனை மேசைக்கு எடுத்தார்.

ஜுனைதீன் சேர் எங்கள் பொறுப்பாளர். வெள்ளவத்தைக்காரர். கழுத்தில் நூலில் கட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் தொங்கும். சாப்பிடும்போது அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார், குழம்பு தெறிக்கக்கூடாது. கல்லை ஒருநாளும் 'அது' என்று சொல்லமாட்டார். "இந்த ஆள் யாரெண்டு தெரியாம பேர் வைக்க ஏலா" என்பார். ஒருவர் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நித்திரை என்று நினைத்து நிறுத்தினால், "செல்லுங்க, கேட்டுக்கொண்டுதான் ஈக்கிறேன்" என்பார். அவர் பேச்சில் 'செல்லுங்க' என்றால் 'சொல்லுங்க'.

அவருடைய கோபத்தை அளக்க ஒரு முறை இருந்தது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் நான் 'மகள்'. பிழை செய்தால் 'மிஸ் ஸ்டெலா'. அதற்கு மேலே ஒரு படி உண்டு, 'மன்னிக்கணும்' என்று தொடங்கும். அந்தப் படிக்கு ஏறியவர்கள் வேறு திணைக்களத்துக்கு மாற்றம் கேட்டுப் போயிருக்கிறார்கள் என்று கேள்வி.

குளோரீன் சோதனை இப்படி. கல்லில் ஒரு சிட்டிகை சுரண்டித் தூளாக்க வேண்டும். நைத்திரிக்கமிலத்தில் கரைக்க வேண்டும். வடிதாளில் ஊற்றி, தாளைக் காய்ச்சி வடித்த நீரால் திரும்பத் திரும்பக் கழுவி, வடிந்த எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி முகவையில் சேர்க்க வேண்டும். பிறகு வெள்ளி நைத்திரேற்று. உள்ளே குளோரீன் இருந்தால் தயிர் உடைந்தது போல வெள்ளையாகத் திரளும். அதை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு குளோரீன் என்று தெரியும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை உண்டு. கல்லைப் போடாமல் முழுச் சோதனையையும் ஒருமுறை செய்ய வேண்டும். அதே முகவை, அதே அமிலம், அதே தண்ணீர். ஆள் மட்டும் இல்லை. ஒன்றும் வரக்கூடாது. வந்தால் குற்றம் கல்லில் இல்லை, நம்மில். அதற்குப் பிளாங்க் என்று பெயர், குறிப்பேட்டில் அதற்கென்று தனி நிரல். முக்கால் மணி நேரம் மினக்கெட்டு ஒன்றும் வரவில்லை என்று எழுதும் வேலை.

இருபத்தொரு வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிந்தது. அந்த வருஷம் நான் பிரெஞ்சும் கணினியும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்பும் வெள்ளவத்தையில், வீடு கொட்டாஞ்சேனையில். நாலரை ரயிலை விட்டால் பிரெஞ்சில் வினைச்சொல் போய்விடும். ஆகவே பிளாங்க் நிரலில் 'இல்லை' என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். எப்படியும் ஒன்றும் வராதே.

அப்போதுதான் பச்சைக் கல் என் மேசைக்கு வந்தது. எப்பாவலைப் பக்கம் கிணறு வெட்டிய ஒருவர் கொடுத்தது, என் பெருவிரல் பருமன், ஆறு பக்கமும் சீவினாற்போல. பழைய பொறுப்பாளர் ஒருவர் 'அப்பதைற்று' என்று மட்டும் எழுதி மூலையில் போட்டிருந்தார். அது முதற்சீட்டு. சேர் அதை எடுத்து என்னிடம் தந்தார்.

"ஆள் எந்தக் கிளையெண்டு பாருங்க மகள்."

வெள்ளி நைத்திரேற்றை விட்டேன். முகவை முழுக்க வெள்ளை.

சேர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். அவர் எழும்புவது அபூர்வம். "திரும்பச் செய்யுங்க" என்றார். திரும்பவும் வெள்ளை. மூன்றாம் தரம் சேரே கையை மடித்துக்கொண்டு வடிதாளைக் கழுவினார். அவரை விடக் கவனமாக அதைக் கழுவ ஒருவராலும் முடியாது. போத்தல் போத்தலாக ஊற்றினார். "இன்னும் ஒரு தரம்... இன்னும் ஒரு தரம்." அவர் கழுவக் கழுவ, கடைசியில் திரண்ட வெள்ளையும் கூடியது. அப்போது எங்களுக்கு அது கல்லின் தாராள மனசாகத் தெரிந்தது.

"குளோரப்பதைற்று" என்றார் சேர், கண்ணை மூடிக்கொண்டு. "நம்மட ஊர்ல."

இரண்டாவது சீட்டை அவரே எழுதினார். 'குளோரப்பதைற்று. நிர்ணயம்: ஜுனைதீன். சோதனை: ம. ஸ்டெலா.' மூன்று மொழியிலும். என் பெயர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போனது அதுதான் முதல்தடவை. அம்மா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தார். கல்லைப் பார்க்கவில்லை, சீட்டைத்தான் பார்த்தார். "இனிஷலை இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்" என்றார்.

சேர் இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார், வெளிநாட்டு இதழ் ஒன்றில் அது வெளிவந்தது. சில மாதத்தில் ஒரு கடிதம். வெளிநாட்டுக் காட்சிச்சாலை ஒன்று அப்பதைற்றுக் குடும்பம் முழுவதையும் ஒரே கூடத்தில் வைக்கப்போகிறதாம். உங்கள் குளோரப்பதைற்றைக் கடன் தருவீர்களா? கடைசி வரி: வந்து சேரும் ஒவ்வொரு கல்லையும் எங்கள் ஆய்வுகூடத்தில் மீண்டும் சோதித்த பின்னரே காட்சிக்கு வைப்போம்.

"சோதிக்கட்டும்" என்றார் சேர். அன்று அவர் மதியச் சாப்பாட்டில் உருப்பெருக்கியைப் பைக்குள் போட மறந்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை, களஞ்சியக்காரர் விமலே அய்யே மரப்பெட்டி செய்து, வைக்கோல் போட்டு, கல்லையும் சீட்டையும் வைத்து ஆணி அடித்தார். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பொதிக்காரர்கள் வருவார்கள். அதே மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று சேர் அறிக்கை எழுத வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எனக்கு வேறு கற்கள் தந்தார்கள். பச்சைக் கல்லுக்குப் பிறகு குளோரீன் சோதனை செய்ய எனக்கு வேலையே வந்திருக்கவில்லை. முதலில் ஒரு படிகக்கல். சுத்தமான சிலிக்கா, அதில் குளோரீனுக்கு வேலையில்லை. சும்மா ஒரு ஆர்வத்தில் வெள்ளி நைத்திரேற்றை விட்டேன். வெள்ளை.

இரண்டாவது குளோரீன் கண்டுபிடிப்பு! உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். எனக்கு இதில் ஏதோ கைராசி இருக்கிறது என்று ஒரு ஐந்து நிமிடம் நம்பினேன். அடுத்தது காரீயம், பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கரி. வெள்ளை. பிறகு என் வளையலிலிருந்து விழுந்த கண்ணாடித் துண்டு. வெள்ளை. அதற்குப் பிறகு கைராசியில் நம்பிக்கை போனது. சோதனை மேசைக்கு வந்த பிறகு முதல்தடவையாக, கல்லே இல்லாமல் சோதனையைச் செய்தேன்.

வெள்ளை. அழகான, தாராளமான வெள்ளை.

தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓடினேன். விமலே அய்யே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். சிங்களமும் தமிழும் கலந்துதான் எங்கள் பேச்சு: அவர் எனக்கு அய்யே, அண்ணன்; நான் அவருக்கு நங்கி, தங்கச்சி.

"அய்யே, இந்தத் தண்ணி எங்க வடிச்சது?"

"வடிக்கிறதா? மெஷின் எரிஞ்சு ஒரு வருஷம் நங்கி. ஃபைல் மேல போயிருக்கு."

"அப்ப இவ்வளவு நாளும் இந்தக் கேனுக்குள்ள என்ன ஊத்தினீங்க?"

"வத்துர." தண்ணீர்தான் என்றார். பின்பக்கத்துக் குழாயைக் கைகாட்டினார்.

"அது பைப் தண்ணி அய்யே! குளோரீன் போட்ட தண்ணி!"

விமலே அய்யேக்கு இது நியாயமில்லாத குற்றச்சாட்டாகப் பட்டது. கேனைத் திருப்பி, அதிலே ஒட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினார். "லேபலைப் பாருங்க நங்கி. 'காய்ச்சி வடித்த நீர்'னு போட்டிருக்கா, இல்லையா? அந்தக் கேனுக்குள்ளதான் நான் ஊத்தினது. வேற கேனுக்குள்ள ஊத்தினா நீங்க கேக்கலாம்."

அரிய கல் என்று நாங்கள் கொண்டாடியது கொழும்பின் குடிதண்ணீரை. சேர் அதைத்தான் போத்தல் போத்தலாக ஊற்றிக் கழுவியிருக்கிறார். பிளாங்க் ஒன்று செய்திருந்தால் முதல்நாளே பிடிபட்டிருக்கும். குறிப்பேட்டில் அந்தக் கல்லுக்கு நேரே மூன்று இடத்தில் என் கையெழுத்தில் 'இல்லை'. வெளிநாட்டு ஆய்வுகூடம் அடுத்த மாதம் கண்டுபிடிக்கப்போவது என்னை அல்ல, சேரை.

மணி பன்னிரண்டு இருபது. சேர் ஜும்மாவுக்குப் போய்விட்டார். அவருடைய கைத்தொலைபேசிக்கு அழைத்தேன். மேசை இலாச்சிக்குள் அது ஒலித்தது. அரை மணிக்குள் பொதிக்காரர்கள் வந்துவிட்டார்கள், இந்த நாட்டில் முதல்தடவையாக நேரத்துக்கு முன்னால். பெரிய லொறி, சின்னப் பெட்டி, சந்தன என்று ஒரு தடித்த ஆள். கையெழுத்துப் போட்ட பத்திரம் அவர் கையில் இருந்தது. சேர் முந்தின நாளே போட்டுக் கொடுத்த கையெழுத்து.

எனக்கு அதிகாரம் இல்லை. பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"மிஸ், நெகிட்டின்ன." எழும்பச் சொன்னார் சந்தன.

"பெஹெ." முடியாது என்றேன்.

"ஏன் முடியாது?"

"சேர் வரணும்."

"சேர்தானே சைன் பண்ணினது?"

"அவர் திரும்ப வரணும்."

அவர் விமலே அய்யேயைப் பார்த்தார். விமலே அய்யே வானத்தைப் பார்த்தார். சந்தன பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், நானும் சேர்ந்து தூங்குமூஞ்சி யானைக்குட்டி போலச் சரிந்தேன். இறக்கிவிட்டார். "உள்ளுக்கு என்ன இருக்கு, மாணிக்கமா?" என்றார். "தெரியாது" என்றேன். அந்த நிமிடத்தில் அது மிகச் சரியான விடை. அந்தோனியாரை வேண்டிக்கொள்ள நினைத்தேன், அவர் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர். எனக்கோ கண்டுபிடித்ததைத் தொலைக்க வேண்டியிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துச் சேர் தொப்பியோடு வந்தார். பெட்டி மேல் நான், சுற்றிலும் ஆட்கள்.

"என்ன மகள், அடைகாக்கிறீங்களா? உள்ளுக்கு முட்டையா ஈக்கி?"

"சேர், நான் பிளாங்க் செய்யல்ல."

"எப்ப? இண்டைக்கா?"

"ஒருநாளும் செய்யல்ல சேர்."

கண்ணை மூடிக்கொண்டார். "செல்லுங்க."

"மூணு தரமும் செய்யாமலே 'இல்லை'னு எழுதினேன். வகுப்புக்குப் போக. இண்டைக்குச் செஞ்சேன். வெள்ளையா வந்திச்சு. கேன்ல இருந்தது பைப் தண்ணி சேர். மெஷின் எரிஞ்சு போயி..."

சேர் கண்ணைத் திறந்தார்.

"மன்னிக்கணும், மிஸ் ஸ்டெலா" என்றார். இரண்டு படியும் ஒன்றாக. "தயவுசெய்து கொஞ்சம் எழும்புறீங்களா? பெட்டியைத் திறக்கணும்."

விமலே அய்யே முந்தின நாள் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அதற்குள் தண்ணீர்ப் பிரச்சினை. வடித்த நீருக்கு எங்கே போவது? "பெட்டரி" என்றார் சந்தன. எல்லோரும் அவரைப் பார்த்தோம். "லொறி பெட்டரிக்கு ஊத்துறது அந்தத் தண்ணிதானே. லொறியில ரெண்டு போத்தல் சீல் உடைக்காம இருக்கு."

சேர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுக்கும் லேபல் ஈக்கி" என்றார். விமலே அய்யே மீண்டும் வானத்தைப் பார்த்தார். "முதல்ல பிளாங்க்."

அன்று பிளாங்க் செய்தது சேர். நான் பக்கத்தில் நின்றேன். முகவையைப் பெட்டரித் தண்ணீரால் அலசி, அமிலத்தை அளந்து, வெறும் வடிதாளை ஏழு தரம் கழுவினார். முக்கால் மணி நேரம். விமலே அய்யே எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார். சந்தன தன்னுடையதைப் பிடித்துக்கொண்டு சேருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல.

வெள்ளி நைத்திரேற்று விழுந்தது. கண்ணாடி போலத் தெளிவு.

"ஒண்டும் வரேல்லியே?" என்றார் சந்தன, ஏமாற்றத்தோடு.

"அதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றார் சேர்.

பிறகு கல். ஒரு சிட்டிகை. நான் சுரண்டினேன், பயத்தில் இரண்டு சிட்டிகை. கரைத்து, வடித்து, கழுவி, சொட்டு விட்டபோது ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டது போல ஒரு மங்கல். அவ்வளவுதான். நடையின் மூலையில் குளோரீன் ஒரு சின்னப் பாய் போட்டிருந்தது, வீட்டுக்காரர் வேறு யாரோ.

சேர் பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்து குட்டிக் குட்டி எண்ணெய்ப் போத்தல்களை எடுத்தார். கல்லின் ஒரு பொடியை எண்ணெயில் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பது ஒரு பழைய முறை. ஒளி எப்படி வளைகிறது என்று பார்த்தால் குளோரப்பதைற்றா புளோரப்பதைற்றா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"புளோரப்பதைற்று" என்றார், தலையை எடுக்காமலே. "எங்கயும் கிடைக்கிற ஆள்."

"சேர், என்னாலதான்..."

"மகள்." மீண்டும் மகள்! "இந்த எண்ணெய் அலுமாரிக்குள்ள எத்தின வருஷமா ஈக்கி?"

"தெரியாது சேர்."

"நான் வந்த நாள்ல இருந்து. ஒரு கல்லு வந்தா முதல்ல எண்ணெய்ல போட்டுப் பாக்கிறது என்ட பழக்கம். இந்தக் கல்ல மட்டும் பாக்கல்ல." கழுத்திலிருந்த உருப்பெருக்கியைக் கழற்றித் துடைத்தார். "பாத்தா வேற ஏதும் செல்லிப்போடும் எண்டு பயம். நீங்க ரயிலுக்குப் பயந்து செய்யல்ல. நான் கல்லுக்குப் பயந்து செய்யல்ல. உங்களுக்கு அவசரம். எனக்கு என்ன அவசரம்?"

சந்தனவுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் வெறும் லொறியோடு போக மனமில்லை, பத்திரத்தில் 'ஒரு பொதி' என்று இருக்கிறது. சேர் ஒரு தாளை எடுத்து, வெளிநாட்டுக் காட்சிச்சாலைக்கு எழுதினார்: நாங்கள் சொன்ன ஆள் இவரில்லை, பிழை எங்களுடையது, குறிப்பையும் திருத்தி அனுப்புகிறோம். அதை உறையில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெரிய லொறி ஒரு கடிதத்தை ஏற்றிக்கொண்டு போனது.

நான் குறிப்பேட்டை எடுத்து மூன்று 'இல்லை'களையும் அழிக்கப் போனேன். சேர் என் கையைத் தட்டினார். "அழிக்க ஏலா. ஒரு கோடு போடுங்க. கீழ இருக்கிறது வாசிக்கத் தெரியணும். பக்கத்தில இண்டையத் திகதி, கையெழுத்து." மூன்று கோடு, மூன்று கையெழுத்து. பிறகு மூன்றாவது சீட்டு: 'புளோரப்பதைற்று. நிர்ணயம்: ஜுனைதீன். சோதனை: ம. ஸ்டெலா.' இரண்டாவதைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். தட்டில் மூன்றாவதுக்கு அடியில் வைத்தார். எங்கள் காட்சியறையில் பழைய சீட்டைக் கழிக்கும் வழக்கமே கிடையாது. கல்லுக்கு யார் யார் என்னென்ன பெயர் சொன்னார்கள் என்பதும் கல்லோடு இருக்க வேண்டும். ஆகவே என் பொய்யும் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறியது. அம்மாவிடம் சீட்டை மாற்றியதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இனிஷல் பெருசா போட்டாங்களா?"

என்னை நிரந்தரமாக்கும் அறிக்கையை எட்டு வருஷத்துக்குப் பிறகு, என் தனிக்கோப்பைப் பார்க்கக் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தில் வாசித்தேன். சேர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'தன் பிழையின் மேல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நிரந்தரமாக்கலாம்.'

நான்காவதும் ஐந்தாவதும் எங்கள் பிழையல்ல, உலகத்தின் வேலை. சில வருஷம் கழித்து, கனிப்பொருட்களுக்குப் பெயர் வைக்கும் உலகக் குழு ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இனிமேல் புளோரப்பதைற்று இல்லை. 'அப்பதைற்று', பிறகு ஒரு சிறு கோடு, அடைப்புக்குள் கல்சியம், புளோரீன் குறியீடுகள். ஒரே குடும்பத்தவர்கள் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டுமாம். இலாச்சி இலாச்சியாக, மும்மொழியிலும், மூன்று மாதம் சீட்டு அடித்தேன்.

சேருக்குப் பிடிக்கவில்லை. "ஆளைப் பாத்துப் பேர் வெக்கணும். இவங்க டெலிபோன் புத்தகத்தைப் பாத்து வெக்கிறாங்க."

ஓரிரண்டு வருஷம் போயிருக்கும். உலகக் குழுவுக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. குடும்பம் முழுவதையும் பெருங்குழு என்று புதிதாக வகுத்தபோது பழைய பெயரையே திருப்பித் தந்துவிட்டார்கள். மீண்டும் புளோரப்பதைற்று. அடைப்புக்குறிகளுக்காக நான் அடித்த அத்தனை சீட்டும் அடியில் போனது.

"சேர், மூணாவது சீட்டிலயும் இதே பேர்தானே. அதையே மேல எடுத்து வெச்சா என்ன?"

"அது அப்ப செல்லினது மகள். இது இப்ப செல்றது. புதுசா அடிங்க."

ஐந்தாவது சீட்டில் போட்டதுதான் சேர் அந்தக் கட்டடத்தில் போட்ட கடைசிக் கையெழுத்துகளில் ஒன்று. அடுத்த மாதம் அவர் ஓய்வுபெற்றார், வயதோடு, ஒழுங்கான முறையில்.

இதையெல்லாம் எழுதி முடித்து, தர்ஷிகாவுக்குச் சுருக்கமாக "மேல இருக்கிற அஞ்சாவது தான் சரி, புளோரப்பதைற்று" என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"தேங்க்ஸ் அக்கா. ஒண்டு கேக்கட்டா? ரெண்டாவதில குளோரப்பதைற்றுனு பிழையா இருக்கு. அதில உங்கட பேரும் இருக்கு. மிச்சம் நாலையும் வெச்சிட்டு அதை மட்டும் எடுத்துப் போடட்டா? ஒருத்தருக்கும் தெரியாது."

ஓம் என்று அடித்தேன். அனுப்பவில்லை. இருபது வருஷமாக யாராவது இப்படிக் கேட்பார்களா என்று காத்திருந்திருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ம. ஸ்டெலா. மை கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல தாள் வாங்கிய காலம்.

அடித்ததை அழித்துவிட்டு எழுதினேன்: "வேணாம். அஞ்சையும் அதே வரிசையில வை."

"சரி அக்கா."

"ஸ்டிக்கர் அடிக்க முதல் நீ திரும்ப டெஸ்ட் பண்ணினியா?"

"ஓம் அக்கா! நேத்து செஞ்சேன். புளோரப்பதைற்றேதான்."

"பிளாங்க்?"

இரண்டு நீலக் கோடு விழுந்தது. 'எழுதுகிறார்' என்று வந்தது, போனது. மீண்டும் வந்தது, போனது. மணியைப் பார்த்தேன், நாலு இருபது. அவளுக்கும் ஏதோ வகுப்பு இருக்கிறது என்று கேள்வி.

"நாளைக்குச் செய்றேன் அக்கா."

"செய். அதுவரைக்கும் அந்த ஸ்டிக்கர் பெட்டி மேல ஏறி உக்காந்திரு."